குன்னூர் நிலையத்தில் கை வைக்கும் முன்: ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் அவர்களுக்கும், சேலம் கோட்ட மேலாளர் அவர்களுக்கும், நீலகிரி மலை ரயிலின் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

அம்ரித் பாரத் திட்டத்தின் கீழ்ப் புதுப்பிப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் மேட்டுப்பாளையம், உதகமண்டலம் ஆகியவற்றோடு எங்கள் குன்னூரும் ஒன்று. மழை ஒழுகாத காத்திருப்பு அறை, சுத்தமான கழிப்பறை, வயதானவர்கள் சிரமமின்றி ஏறி இறங்க வழி, இரவிலும் போதிய வெளிச்சம் ஆகியவை எங்களுக்கும் வேண்டும். அவற்றை யாரும் எதிர்க்கப் போவதில்லை. ஆனால் சமவெளியில் உள்ள ஒரு நிலையத்துக்கு வரைந்த திட்டத்தை அளவு சுருக்கி மலைமேல் கொண்டுவந்து வைத்துவிட முடியாது. குன்னூரில் இனி எந்தப் பணி நடந்தாலும், இது ரயில் ஓடுகிற, இன்ஜின் பழுது பார்க்கிற, ஊர்க்காரர்கள் ஏறி இறங்குகிற நிலையம் என்பதை முதலில் வைத்து, மற்றவற்றை அதன் பின்னால் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டர் பாதையில் குன்னூருக்கு உள்ள இடம் வேறு எந்த நிலையத்துக்கும் இல்லை. நீலகிரிக்கு ரயில் விட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே எழுந்தது. வேலை தொடங்க 1891 ஆயிற்று. 1899 ஜூன் மாதத்தில்தான் குன்னூருக்கு ரயில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள், 1908-இல் பாதை உதகையைத் தொடும் வரை, இதுதான் கடைசி நிலையம். உதகைக்குப் போக வேண்டியவர்கள் இங்கே இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு சாலை வழியாக மேலே போனார்கள். ஊரின் கீழ்ப்பகுதியில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் கடைத்தெருவும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருப்பதற்கு அந்த ஒன்பது ஆண்டுகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாற்றில் தொடங்கும் பல் தண்டவாளம் முடிவதும் குன்னூரில்தான். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள், ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றொன்றின் இடைவெளி வருமாறு பொருத்தப்பட்டிருக்கின்றன. இன்ஜினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. மிகக் கடுமையான ஏற்றத்தில், 12 மீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம் நகர்வதற்குள் வண்டி ஒரு மீட்டர் உயர்ந்துவிடுகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து குன்னூர் வந்து சேர்வதற்குள் ரயில் ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏறி முடித்திருக்கும். இவ்வளவு ஏறிய பிறகு நீராவி இன்ஜின் இங்கே கழற்றப்படுகிறது; உதகை வரையிலான மீதிப் பாதைக்கு டீசல் இன்ஜின் பூட்டப்படுகிறது. உதகைக்குப் புறப்படும் ரயில் இங்கிருந்து சிறிது தூரம் பின்னோக்கி வந்த பிறகே மேலே ஏறும் பாதையில் சேர்கிறது. ஆகவே குன்னூர் நிலையத்தின் தண்டவாளங்கள், அவை பிரியும் இடங்கள், தண்ணீர் பிடிக்கும் இடம், ஷெட்டுக்குப் போகும் வழி எல்லாமே இந்த ஓட்டத்துக்காக, இந்த நிலத்தின் சரிவைப் பார்த்து வகுக்கப்பட்டவை. நடைமேடையைச் சற்று நீட்டலாம், இந்தப் பக்கம் கொஞ்சம் அகலமாக்கலாம் என்று காகிதத்தில் தோன்றும் சிறு மாற்றம்கூட அந்த அமைப்பைக் குலைத்துவிடக் கூடும்.

இன்ஜின்களை நிறுத்திப் பழுது பார்க்கும் லோகோ ஷெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிலையத்தை அழகுபடுத்துவது பற்றிய பேச்சுகளில் அது பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. ஷெட் புகையும் எண்ணெயும் கரியும் உள்ள இடம். படத்தில் அழகாகத் தெரியாது. ஆனால் இந்த ரயில் நாளையும் ஓடுமா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் உருவாக்கப்பட்டவை. அவற்றுக்கு நான்கு சிலிண்டர்கள். சாதாரண சக்கரங்களை ஓட்டும் இரண்டு சிலிண்டர்களில் வேலை முடித்து வெளியேறும் நீராவியையே, மலை ஏறும்போது மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் செலுத்திப் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறார்கள். இந்த அமைப்பைக் கையாளத் தெரிந்தவர்கள் இந்தியாவிலேயே மிகச் சிலர். அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாதையில் வேலை செய்பவர்கள் அல்லது செய்து ஓய்வு பெற்றவர்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை இதே வகை இன்ஜின்களைப் புதிதாகவே உருவாக்கி அனுப்பியிருப்பது தமிழ்நாட்டின் ரயில்வே தொழிலாளர்கள் எல்லோரும் பெருமைப்படத்தக்க செயல். ஆனால் இன்ஜினைப் புதிதாகச் செய்துவிடலாம். ஏற்றத்தில் எந்த இடத்தில் எவ்வளவு நீராவி தேவைப்படும், மழையில் நனைந்த தண்டவாளத்தில் எப்போது மணல் விட வேண்டும், இன்ஜினின் சத்தம் மாறினால் அதற்கு என்ன பொருள் என்பதையெல்லாம் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பல மாதங்கள் கற்றுக்கொண்டால் தவிர யாருக்கும் வராது.

பிரேக்ஸ்மேன்களின் வேலையும் அப்படித்தான். கல்லாற்றுக்கு மேலே இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. முன் பெட்டியின் மேடையில் நிற்பவர் கொடி காட்டுவதைப் பார்த்துத்தான் வண்டி நகர்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் நின்று, விசில் ஒலிக்கு ஏற்பக் கையால் பிரேக்கைத் திருகுகிறார். மழையிலும் பனியிலும் திறந்த மேடையில் நின்று செய்கிற வேலை இது. சுற்றுலாப் பயணிகளின் கைபேசிப் படங்கள் பலவற்றில் இவர்கள் இருக்கிறார்கள். நிலையத்தில் இவர்கள் உடை மாற்றவும், நனைந்த துணியை உலர்த்தவும், அடுத்த வண்டி வரை உட்காரவும் தகுந்த ஓய்வறை இருக்க வேண்டும் என்ற பேச்சை மட்டும் காணோம். புதுப்பிக்கும் பணத்தில் முதல் பங்கு ஷெட்டுக்கும் இந்த ஓய்வறைக்கும் போக வேண்டும் என்று கேட்கிறேன். ஓய்வு பெற்ற ஓட்டுநர்கள், ஃபயர்மேன்கள், ஃபிட்டர்கள் இன்னும் நீலகிரியிலும் மேட்டுப்பாளையத்திலும் வாழ்கிறார்கள். புதிதாக வேலையில் சேரும் இளைஞர்களுக்குக் குன்னூரிலேயே அவர்களைக் கொண்டு பயிற்சி அளிக்கவும், அவர்கள் சொல்வதைத் தமிழிலேயே எழுதிவைக்கவும் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். இதை ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டால் கேட்பதற்கு ஆள் இருக்குமா என்ற கவலை எனக்கு உண்டு.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் டார்ஜிலிங் ரயில் 1999-இலும், அதன் தொடர்ச்சியாக நமது ரயில் 2005-இலும், கால்கா-சிம்லா ரயில் 2008-இலும் இடம்பெற்றன. மலைப் பகுதிக்குப் பாதை அமைத்த பொறியியல் திறனும், அந்தப் பகுதியின் சமூக, பொருளாதார வாழ்வில் அந்தப் பாதைகள் ஏற்படுத்திய மாற்றமும், அவை இன்றும் முழுமையாக இயங்கிக்கொண்டிருப்பதும் அந்த அங்கீகாரத்துக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டவை. நிலையத்தின் ஓடு, மரத்தூண், பலகை எழுத்து ஆகியவற்றைக் காப்பது அவசியம்தான். ஆனால் பழைய முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே ஊர்க்காரர்களுக்கு வேலை இல்லாத ஓர் இடமாக அதை மாற்றினால், எந்தக் காரணத்துக்காக அந்தப் பெருமை கிடைத்ததோ அதையே நாம் கைவிட்டவர்களாவோம்.

ஊர்க்காரர்கள் என்று நான் சொல்வது யாரை? குன்னூருக்கு மேலே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அடுத்தடுத்து நிலையங்கள் இருக்கின்றன. வெலிங்டனில் ராணுவப் பயிற்சிக் கல்லூரியும் படைமுகாமும், அருவங்காட்டில் நூற்றாண்டு கடந்த வெடிமருந்துத் தொழிற்சாலையும், கேத்திப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் படுகர் ஊர்களும் தேயிலைத் தோட்டங்களும், லவ்டேலில் பள்ளியும் உள்ளன. இந்தப் பாதை இவர்களின் வேலைக்கும் படிப்புக்கும் உறவினர் வீட்டுப் பயணத்துக்கும் பயன்பட வேண்டியது. ஆனால் ஏப்ரல், மே சீசனில் ஒரு குன்னூர்க்காரர் கவுண்டருக்குப் போய் நின்று கேத்திக்கு டிக்கெட் கேட்டால் இடம் கிடைப்பது பெரும்பாடு. வெளியூர்ப் பயணிகள் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வருவதால்தான் இந்த ரயிலின் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது. அவர்களின் வருகையால் ஊரில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் முன்பதிவு இல்லாத ஒரு முழுப் பெட்டியாவது உள்ளூர்ப் பயணத்துக்கென்று இருக்க வேண்டும், அதில் மாதச் சீட்டு செல்லுபடியாக வேண்டும், காலையில் ஒரு வண்டியும் மாலையில் ஒரு வண்டியும் வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்த ரயில் ஊர்க்காரர்களுக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 டிசம்பரில், கொரோனா காரணமாக வழக்கமான சேவை இன்னும் தொடங்காத நிலையில், தனியார் ஒருவர் வாடகைக்கு எடுத்த சிறப்பு ரயில் இந்தப் பாதையில் ஓடியது. ஓர் இருக்கைக்கு 3,000 ரூபாய் என்ற செய்தி வந்ததும் மாவட்டம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அது வாடகைக்கு விடப்பட்ட வண்டி மட்டுமே, ரயில் தனியாரிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று நிர்வாகம் விளக்கம் அளித்தது. வழக்கமான சேவையும் பின்னர் திரும்பியது. விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூலி வேலைக்குப் போகும் ஒருவர் அந்தத் தொகையைக் கேட்டபோது, இனி இந்த ரயில் நமக்கு இல்லை என்று நினைத்ததில் பிழை இல்லை. அப்படி ஓர் எண்ணம் இனி வராதபடி, சிறப்பு வண்டிகள் எத்தனை ஓடினாலும் அன்றாட வண்டிகளின் பெட்டிகளும் இன்ஜின்களும் அவற்றுக்காக எடுக்கப்படமாட்டா என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும்.

இனி மழையைப் பற்றி. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த நாட்களின் மண்சரிவுகளில் நீலகிரி மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் பாதையும் பல இடங்களில் பெயர்ந்துபோனது. அதற்கு முன்பும் பின்பும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாறை உருண்டு, மரம் சாய்ந்து, மண் மூடி ரயில் நிற்பது வழக்கமாகவே இருந்துவருகிறது. இந்தப் பாதையில் 250 பாலங்கள் இருக்கின்றன. 46 கிலோமீட்டருக்கு இத்தனை பாலங்கள் ஏன் என்று யோசித்தால், மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை மறிக்காமல் ஒவ்வோர் ஓடைக்கும் வழிவிட்டுத்தான் இந்தப் பாதையைப் போட்டார்கள் என்பது விளங்கும். நிலையத்தைச் சுற்றிச் சரிவை வெட்டிச் சமமாக்கி, அதன் மேல் கான்கிரீட் பரப்பினால், தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அந்த வழி பெரும்பாலும் கீழே இருக்கிற வீடுகள் வழியாகத்தான் போகும். தனிப்பட்ட ஒருவர் இந்த மலையில் வீடு கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் எவ்வளவு கடுமையாகப் பார்க்கப்படுகின்றன என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பொதுப் பணத்தில் நடக்கும் கட்டுமானம் அதைவிடக் கடுமையான சோதனையைத் தானே முன்வந்து ஏற்க வேண்டும். மண்ணியல் வல்லுநரின் அறிக்கையும், மழைநீர் போகும் வழிகளின் வரைபடமும் இல்லாமல் ஒரு மண்வெட்டிகூட சரிவைத் தொடக் கூடாது.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாதையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஹில்குரோவ் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர்களால் யானைக் கூட்டம் ஒன்று கடக்க வழியின்றித் தவித்த காட்சி 2022 ஜனவரியில் பரவலாகப் பேசப்பட்டது. பிறகு அந்தச் சுவர்கள் இடிக்கப்பட்டன. தவறு திருத்தப்பட்டதற்கு நன்றி. ஆயினும் யானைகள் எந்த இடத்தில் பாதையைக் கடக்கும் என்பது வனத்துறைக்கும், பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்களுக்கும், பர்லியாறு பக்கத்துப் பழங்குடி மக்களுக்கும் முன்பே தெரிந்த செய்தி. சுவரைக் கட்டும் முன் அவர்களிடம் கேட்டிருந்தால் கட்டவும் வேண்டியிருந்திருக்காது, இடிக்கவும் வேண்டியிருந்திருக்காது.

வாகன நிறுத்துமிடம் குறித்து ஒரு வார்த்தை. நிலையப் புதுப்பிப்பு என்றாலே முன்பகுதியை விரிவாக்கிக் கார்கள் நிற்க இடம் அமைப்பது சமவெளியில் வழக்கம். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் சீசன் காலத்தில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. மலையால் இதற்கு மேல் வாகனங்களைத் தாங்க முடியாது என்பதே இதன் அடிப்படை. அப்படியிருக்க, ரயில் நிலையமே கார்களை வரவேற்க இடம் ஒதுக்குவது பொருந்தாது. அந்த இடத்தையும் பணத்தையும் பேருந்து நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு மழையில் நனையாமல் நடந்து வரும் கூரையிட்ட நடைபாதைக்குச் செலவிடுங்கள். மேட்டுப்பாளையத்துக்குச் சென்னை ரயில் வந்து சேரும் நேரத்தையும் மலை ரயில் புறப்படும் நேரத்தையும் எவ்வளவு கவனமாக இணைத்திருக்கிறீர்களோ, அதே கவனத்தோடு குன்னூரில் ரயில் நேரத்தையும் கோத்தகிரி, மஞ்சூர் பேருந்து நேரங்களையும் இணைக்கப் போக்குவரத்துக் கழகத்தோடு பேசுங்கள். லெவல் கிராசிங்கில் கேட் மூடப்படும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தால் அங்கே தேங்கும் நெரிசலும் ஓரளவு குறையும்.

மழையால் ரயில் ரத்தாகும் நாட்களில் செய்தி சேர வேண்டிய முறையையும் சீர்செய்ய வேண்டும். பாதுகாப்புக்காக வண்டியை நிறுத்துவதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்ட நேரத்திலேயே குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் நிலையங்களில் தமிழில் ஒலிபெருக்கியிலும் பலகையிலும் அறிவிக்கப்பட வேண்டும். பாதை எந்த இடத்தில் பழுதாகியிருக்கிறது, எத்தனை நாளில் சீராகும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். கீழ்ப்பாதை மட்டும் அடைபட்டிருக்கும் நாட்களில், மேலே குன்னூருக்கும் உதகைக்கும் இடையே வண்டிகள் தொடர்ந்து ஓடுகின்றனவா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலை ரயில் ரத்து என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு, ஓடுகிற வண்டியையும் விட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

கட்டடத்தின் தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைத் தளத்துக்கு மேல் எழும்பாத பழைய அளவையும், சாய்வான கூரையையும், மரவேலைப்பாட்டையும் மாற்றாதீர்கள். வேலி, விளக்கு, கைப்பிடி எதுவாயினும் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்யக்கூடியதாக இருந்தால் பழுது பார்ப்பதும் எளிது. பளபளப்பான டைல்ஸ் மழைக்காலத்தில் முதியவர்களை வழுக்கிவிடும். கரடுமுரடான கல் பாவிய தரையே இங்கே பாதுகாப்பானது.

இவற்றையெல்லாம் பேசுவதற்கு ஒரு கூட்டம் வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன். அது சேலத்திலோ சென்னையிலோ அல்லாமல் குன்னூரிலேயே, தமிழில், எல்லோரும் வரக்கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்க வேண்டும். ஷெட் தொழிலாளர்கள், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள், வனத்துறையினர், நகராட்சி உறுப்பினர்கள், கடைக்காரர்கள், அன்றாடப் பயணிகள் ஆகியோர் அழைக்கப்பட வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாகத் திட்ட வரைபடத்தையும் மதிப்பீட்டுத் தொகையையும் நிலையத்தின் டிக்கெட் கவுண்டர் அருகே தமிழ் விளக்கத்தோடு ஒட்டிவைக்க வேண்டும். கருத்துகளை எழுத்தில் யாரிடம் தர வேண்டும், அவற்றுக்கு எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்பதும் அதன் கீழேயே குறிப்பிடப்பட வேண்டும். அந்தப் பதில்கள் வெளியாகும் வரை ஒப்பந்தப்புள்ளி எதையும் இறுதி செய்யாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூரில் வசிக்கும் ஒரு பயணி